மூச்சு முட்டினால் முதலில் கழுத்தைப் பாருங்கள்: வெட்சூட் கோளாறுகளும் தீர்வுகளும்

கோலாலம்பூரில் ஒரு நீச்சல் குளம். என் தம்பி மகளுக்கு, காற்று டாங்கைச் சுமந்து முக்குளிக்கும் ஸ்கூபா பயிற்சியின் முதல் நாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவள் ஐந்தே நிமிடத்தில் கரையேறி வந்துவிட்டாள். “அத்தை, தலை சுற்றுகிறது. இது எனக்கு ஒத்துவராது” என்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் வேறு எதுவும் கேட்காமல், அவள் அணிந்திருந்த வெட்சூட்டின், அதாவது உடலோடு ஒட்டிய முக்குளிப்பு ரப்பர் உடையின், முதுகு ஜிப்பை ஒரு சாண் கீழே இறக்கினேன். இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றித் தையல் பதிந்த சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் அது ஆழமாக இருந்தது. அங்கே அவளுக்குக் கொடுத்திருந்த உடை ஓர் அளவு சிறியது. பெரியதை மாற்றினோம். அன்று மாலையே குளத்தின் அடியில் முழங்காலிட்டு, முகமூடியைக் கழற்றி மாட்டிக் காட்டினாள்.

“எனக்குத் தைரியம் போதாது” என்று சொல்லி முதல் நாளோடு முக்குளிப்பை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்காவது குறை மனதில் இருந்திருக்காது, உடையில் இருந்திருக்கும். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது. வார இறுதிகளில் புதியவர்களுக்கு உடை மாட்ட உதவும்போது நான் பார்த்த கோளாறுகளை, அவை உடலில் எப்படித் தெரிகின்றன என்பதை வைத்தே சொல்கிறேன். உங்களுக்கு எது நேர்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் கழுத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். வெட்சூட் உடலை நனையாமல் காப்பதில்லை. நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர். குளிரைத் தடுப்பவை அந்தக் குமிழ்கள்தாம். 1950-களின் தொடக்கத்தில் வெட்சூட்டை வடிவமைத்த கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் பிடித்துக்கொண்ட நுட்பம் இதுதான். குமிழ்கள் காத்துக்கொண்டால் தோல் நனைந்தால்கூடப் பாதகமில்லை. உடைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தங்கும். அது அசையாமல் இருக்கும் வரை உடல் அதைக் கதகதப்பாக வைத்திருக்கும். அந்த நீர் வெளியேறிப் புதுநீர் புகுந்துகொண்டே இருந்தால், ஓட்டைப் பானையில் வெந்நீர் ஊற்றிய கதைதான். ஆகவே நாம் தேடுவது, எங்கும் இடைவெளி விடாத, எங்கும் நெரிக்காத உடை. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று தவறியதால் வருபவை.

தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, தொண்டையில் யாரோ கை வைத்தது போல் இருக்கிறது

இது பொறுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. தண்ணீரில் இருந்தால் மேலே வாருங்கள், கழுத்தைத் தளர்த்துங்கள், பிறகு பேசலாம்.

மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் கழுத்தின் இருபுறமும் ஓடுகின்றன. தாடைக்குச் சற்றுக் கீழே, இரத்த அழுத்தத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் உணர்விடம் ஒன்று ஒவ்வொரு தமனியிலும் இருக்கிறது. இறுக்கமான கழுத்துப்பட்டை அந்த இடத்தை அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று உடல் தவறாக எண்ணி இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். உண்மையில் இரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும், சிலருக்கு மயக்கமே வரும். கரையில் மயங்குவது வேறு, தண்ணீருக்குள் மயங்குவது வேறு.

சோதிக்கும் முறை எளிது. ஜிப்பை முழுவதும் மூடி, கழுத்துப்பட்டையின் ஒட்டுப்பட்டையையும் ஒட்டிவிட்டு, ஆள்காட்டி விரலைப் பக்கவாட்டில் உள்ளே விடுங்கள். விரல் நுழைய வேண்டும். நுழைந்த விரல் நசுங்கக் கூடாது. பிறகு எச்சில் விழுங்குங்கள், தலையை இரு தோள்களின் பக்கமும் திருப்புங்கள், அண்ணாந்து கூரையைப் பாருங்கள். தண்ணீரில் குப்புற நீந்தும்போது கழுத்து இந்த அண்ணாந்த நிலையில்தான் இருக்கும். ஆகவே நேராக நின்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். உடையைக் கழற்றாமல் பத்து நிமிடம் இருங்கள். சிலருக்கு முதல் நிமிடத்தில் எதுவும் தெரியாது.

தீர்வுகளில் எளியது, ஒட்டுப்பட்டையைச் சற்றுத் தளர்வாக ஒட்டுவது. அது போதாவிட்டால் கழுத்து தாழ்வாக வெட்டப்பட்ட வேறு மாதிரி. உடம்புக்கு எல்லாம் சரி, கழுத்து மட்டும் பிடிக்கிறது என்றால் வேறு நிறுவனத்தின் அதே அளவைப் போட்டுப் பாருங்கள். கழுத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வெட்டுகிறார்கள். “போகப் போக இளகிவிடும்” என்று கடையில் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ரப்பர் இளகும் வரை உங்கள் கழுத்து காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது

புதியவருக்கு எந்த வெட்சூட்டும் முதலில் இறுக்கமாகத்தான் தோன்றும். அது வெறும் புதுமையா, உண்மையான இறுக்கமா என்று பிரித்தறிய நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். உடையைப் போடும் முன் மெதுவாக மூச்சை இழுத்து, எத்தனை எண்ணும் வரை நிறைகிறது என்று பாருங்கள். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். உடையை மூடிய பிறகும் அதே வேகத்தில் இழுங்கள். ஐந்து வந்தால் உடை குற்றமற்றது, பழகிவிடும். மூன்றிலேயே விலா எலும்பு ரப்பரில் முட்டி நின்றால் மார்பளவு சிறியது. பத்துமலையின் 272 படிகளையும் ஏறி மேலே நிற்கும்போது மார்பு எப்படி விரிந்து அடங்குமோ, அந்த விரிவுக்கு உடையில் இடம் வேண்டும். ஆழம் போகப் போக நாம் சுவாசிக்கும் காற்று அடர்த்தியாகி, மூச்சு விடுவதே கூடுதல் வேலையாகிறது. குட்டி மூச்சுகளாக விட்டால் கரியமில வாயு சரியாக வெளியேறாது; தலைவலியும் பதற்றமும் வரும். அந்தப் பதற்றத்தைத்தான் பலர் பயம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் பெண்களும், வயிறு சற்றுப் பெருத்த ஆண்களும், வாடகை மேசையில் நின்று “இதைவிடப் பெரியது இருக்கிறதா?” என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் பொருந்தும் அளவை எடுத்தால் கையும் காலும் நீளமாக வரலாம். சொந்த உடை என்றால் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். துணியைப் போல நியோப்ரீன் நூல் பிரியாது. மார்பை மட்டும் எதைக் கொண்டும் விரிக்க முடியாது.

முதுகில் குளிர்நீர் ஓடுகிறது

இதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். விடை கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நுழையும் இடமும் நாம் உணரும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு.

முதலில் இடுப்புக் குழியைப் பாருங்கள். உடை போட்டு நேராக நிற்கும்போது நண்பர் ஒருவரை உங்கள் கீழ்முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். ரப்பர் உடனே தோலைத் தொட்டால் சரி. தொடுவதற்கு முன் உள்ளே குழிந்து போனால், அங்கே ஒரு நீர்த்தொட்டி உருவாகப்போகிறது. முதுகு உள்வளைந்தவர்களுக்கும், இடுப்பு சிறுத்தவர்கள் ஆண்களுக்கான வெட்டில் தைத்த உடையைப் போடும்போதும் இது நிச்சயம் வரும். நீங்கள் ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் அந்தத் தொட்டி பம்பு போல வேலை செய்யும். நிமிர்ந்தால் கழுத்து வழியாக நீரை இழுக்கும், குனிந்தால் தள்ளும். கழுத்து வழியாக வருவதால் கழுத்துப்பட்டையை இறுக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், மேலே சொன்ன ஆபத்தில் கொண்டுபோய் விடும். குறை இடுப்பில் இருக்கிறது.

இடுப்பில் குறை இல்லையென்றால் கழுத்தையும், மணிக்கட்டையும், கணுக்காலையும் பாருங்கள். தண்ணீரில் நின்று ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள், பிறகு தலையை மட்டும் திருப்புங்கள். எந்த அசைவுக்குக் குளிர்ச்சி பாய்கிறதோ அங்கே வாசல் இருக்கிறது. இன்னொரு அடையாளம் குளத்தை விட்டு ஏறும்போது தெரியும். என் தோழி ஒருவர் படியேறியபோது அவருடைய கெண்டைக்கால் இரண்டிலும் நீர் பை போலத் தொங்கியது. கணுக்கால் விளிம்பை விரலால் தூக்கியதும் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது. அவர் அதுவரை தன் உடை சரியாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தார். அத்தனை நீரையும் சூடாக்கிக்கொண்டு அவர் உடல் நாற்பது நிமிடம் உழைத்திருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது ஓர் அளவு சிறியது, அவ்வளவுதான்.

பின்பக்க ஜிப் வழியாகக் கசிந்தால், ஜிப்புக்கு உள்ளே இருக்கும் மடிப்புத் துணி சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கசிவு அதைத் தட்டையாக விரித்து மூடினாலே நின்றுவிடும். மார்புப் பக்கம் ஜிப் வைத்த உடைகளில் முதுகுக் கசிவு குறைவு. ஆனால் அவற்றுக்குள் நுழைவது புதியவருக்குச் சிரமம். முதல் உடை என்றால் பின்பக்க ஜிப்பே போதும் என்பது என் எண்ணம்.

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் தையல்காரரிடம் இடுப்பைப் பிடிக்கச் சொல்லலாமே என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் நடக்காது. சாதாரணத் தையல் ஊசி நியோப்ரீனை முழுவதும் துளைத்துவிடும். ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு. குளிர்நீருக்கான நல்ல உடைகளில் விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி பாதித் தடிப்பு மட்டும் இறங்கும்படி தைக்கிறார்கள். உங்கள் உடலுக்கு எந்த ஆயத்த அளவும் பொருந்தவில்லை என்றால், வெட்சூட்டையே அளவெடுத்துத் தைப்பவர்களிடம் போவதுதான் வழி.

தோள் இழுக்கிறது, கை மேலே போகவில்லை

ரவிக்கையில் கைக்குழி சரியில்லை என்றால் கை தூக்கும்போது என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்சூட்டிலும் அதேதான். ஆனால் உடையைக் குறை சொல்லும் முன் கால்களைப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்காவது தோள் இழுப்பதன் காரணம் கீழேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். தொடைகள் சேரும் இடத்தில் உடை ஒட்டாமல் நான்கு விரல் கீழே தொங்கும். அந்த நான்கு விரல் நீளத்தைத் தோள் கடன் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கையை உருவிவிடுங்கள். கணுக்காலிலிருந்து ஆரம்பித்து, ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி மேலே நகர்த்துங்கள். கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று வந்து, உடை உடலோடு முழுமையாகச் சேர்ந்த பிறகே கையை விடுங்கள். கையிலும் மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை அதே வேலை. நகத்தால் இழுக்காதீர்கள், புது உடைகளில் நான் பார்த்த பிறைநிலாக் கிழிசல்கள் எல்லாம் கட்டைவிரல் நகம் செய்தவை.

இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால் உடல்நீளம் போதவில்லை. உயரமானவர்களுக்கான அளவைக் கேளுங்கள். ஒரே மார்பளவில் நீளமான, குட்டையான மாதிரிகளும் வருகின்றன. முடிவாக மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். இடது கையைத் தலைக்கு மேல் முழுவதும் நீட்டுங்கள். மிதவைச் சட்டையின் (மிதக்கவும் இறங்கவும் காற்றை ஏற்றி இறக்கும் மேல்சட்டை) காற்றைக் குழாய் வழியாக வெளியேற்ற அந்த அசைவு வேண்டும். வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்போரமாகத் துழாவி முன்னால் சுற்றுங்கள். வாயிலிருந்து நழுவிய சுவாசக் கருவியை அப்படித்தான் மீட்போம். பிறகு குந்தி உட்காருங்கள். மூன்றும் தடையின்றி வந்தால் தோளை மறந்துவிடலாம்.

உள்ளே நுழையவே முடியவில்லை

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைதான் எதிரி. குளிரூட்டிய அறையில் உடம்பைத் துடைத்துக்கொண்டு போடுங்கள், அல்லது முழுவதும் நனைந்துவிட்டுப் போடுங்கள். பாதி ஈரம்தான் பிடித்துக்கொள்ளும். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே மெல்லிய லைக்ரா சட்டை போட்டுக்கொள்வதும் உதவும். தேங்காய் எண்ணெய், பெட்ரோலிய ஜெல்லி எதையும் தடவ வேண்டாம். ரப்பரும் பசையும் நாளடைவில் கெடும்.

கை விரல் மரத்துப்போகிறது

மணிக்கட்டு விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பை எடுத்த பிறகும் மரத்தால் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை வெட்டிவிடலாம். வாடகை உடை என்றால் மாற்றிக் கேளுங்கள்.

உடை கச்சிதம், ஆனாலும் நடுங்குகிறது

மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான தியோமான், பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் முக்குளிப்புப் பருவத்தில் கடல்நீர் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும். கேட்க வெந்நீர் போலத் தோன்றும். ஆனால் நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்துகிறது. முதல் இறக்கத்தில், அதாவது முதல் முறை முக்குளிக்கும்போது, தெரியாத குளிர் மூன்றாவது இறக்கத்தில் எலும்புக்குள் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இங்கே 3 மில்லிமீட்டர் முழுநீள உடை போதும். ஒல்லியானவர்களுக்கும் சட்டென்று குளிர்பவர்களுக்கும் அதன்மேல் தலைமூடி வைத்த ஓர் உள்சட்டை சேர்த்தால் நன்று. அரைக்கை, அரைக்கால் உடையை நான் பரிந்துரைப்பதில்லை. குளிர் ஒரு காரணம், சொறிமீன் கொட்டுவதும் பவளம் கீறுவதும் இன்னொரு காரணம்.

ஆழமும் பங்கு கேட்கும். பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. நியோப்ரீன் குமிழ்கள் நசுங்கி உடை மெலியும். தொடக்கநிலை முக்குளிப்பவரின் எல்லையான 18 மீட்டரில் இன்னும் மெலியும். நூற்றுக்கணக்கான இறக்கங்கள் கண்ட வாடகை உடையில் குமிழ்கள் நிரந்தரமாகவே நசுங்கியிருக்கும். விரலால் கிள்ளிப் பாருங்கள்: புது ரப்பர் பஞ்சு போலத் திரும்பி எழும், கிழடு தட்டிய ரப்பர் செருப்புத் தோல் போல மடிந்தே இருக்கும். அதில் 3 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். இன்னொன்று, இறக்கங்களுக்கு நடுவில் ஈர உடையோடு படகுக் காற்றில் உட்காராதீர்கள். மேல்பாதியைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த சட்டை போடுங்கள்.

குளத்தில் சரியாக இருந்தேன், கடலில் மூழ்கவே முடியவில்லை

உடை மாறினாலும் நீர் மாறினாலும், மூழ்குவதற்காக நாம் சுமக்கும் ஈய எடையின் கணக்கு மாறும். உப்புநீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை விழுக்காடு அடர்த்தி. கருவிகளோடு 90 கிலோ உள்ள ஒருவருக்கு அதற்கே இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல் ஈயம் வேண்டும். புது உடை பழையதைவிட அதிகம் மிதக்கும். பெரிய உடைக்குள் தங்கிய காற்றும் முதல் சில நிமிடம் மேலே தூக்கும். இறங்கும் முன் கழுத்தை விரலால் சற்று விலக்கி அந்தக் காற்றை வெளியேற்றுங்கள். கணிசமாகக் காற்று குறைந்த டாங்குடன், மிதவைச் சட்டையின் காற்று முழுவதும் வெளியேறிய நிலையில், மூச்சை இயல்பாகப் பிடித்து நிமிர்ந்து நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணுக்கு நேரே வந்து, மூச்சை விட்டதும் மெல்ல இறங்கினால் கணக்கு சரி.

கழுத்தில் புண், உடம்பில் அரிப்பு

புண் கழுத்தின் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது உராய்வு. உயர்ந்த கழுத்துள்ள லைக்ரா சட்டை அதைத் தீர்க்கும். உடை தொட்ட இடமெல்லாம் செந்தடிப்பு வந்து, அடுத்த நாளும் அரித்தால் அது வேறு கதை. ரப்பர் தயாரிப்பில் சேர்க்கும் தயோயூரியா வகைச் சேர்மங்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். தோல் மருத்துவரிடம், வெட்சூட் அணிந்தேன் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சோப்பையும் சாப்பாட்டையும் தேடி அலைய வேண்டிவரும்.

படகில் வெந்துபோகிறேன்

தியோமானுக்குப் படகேறும் மெர்சிங் துறையில், கடல்நீர் ஏறும் ஓதத்துக்காகப் படகு காத்திருக்கும். தீவில் இறங்கும் இடத்துக்குப் போகவும் நேரமாகும். கறுப்பு ரப்பரை முழுவதும் மூடிக்கொண்டு அந்த வெயிலில் உட்கார்ந்தால் வெப்பத் தாக்கு வரும். உடையை இடுப்பு வரை மட்டும் போட்டு, கைகளை முன்னால் முடிந்துவிடுங்கள். குமட்டலோ தலைவலியோ வந்தால் உடனே கழற்றி நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள். கடல் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

வாடகை மேசையில்

ஒரு தீவில் என் உயரத்தையும் எடையையும் கேட்டுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓர் உடையை நீட்டினார்கள். அட்டவணைப்படி அது சரி, என் உடம்புப்படி தவறு. அன்றைய இரண்டு இறக்கமும் நடுக்கத்திலேயே போயின. அதற்குப் பிறகு நான் முந்தைய நாள் மாலையே போய், அடுத்தடுத்த இரண்டு அளவுகளையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். மாலையில் கூட்டம் இருக்காது, அங்கிருப்பவரும் முகம் கோணாமல் எடுத்துத் தருவார். பொருந்தியது கிடைத்ததும் உள்பக்க லேபிளை நிறுவனத்தின் பெயரோடு தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொன்றின் சிறியது.